கடல் கடந்த ஐரிஷ் குடும்பத்தின் கொடிவழி

அயர்லாந்தின் மக்கள்தொகை 1841இல் 81 லட்சத்தைத் தாண்டியிருந்தது. பத்தே ஆண்டுகளில், 1851இல், அது 65 லட்சமாகச் சரிந்தது. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் விழுந்த அழுகல் நோயும், அதைத் தொடர்ந்து 1852 வரை நீடித்த பெரும் பஞ்சமுமே காரணம். ஏறத்தாழ 10 லட்சம் பேர் பட்டினியாலும் காய்ச்சலாலும் மடிந்தார்கள். அதற்கும் கூடுதலானவர்கள் கப்பலேறினார்கள். பஞ்சம் ஓய்ந்த பிறகும் புறப்பாடு ஓயவில்லை. இன்று அமெரிக்காவில் மட்டும் மூன்று கோடிக்கு மேற்பட்டோர் தங்களை ஐரிஷ் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களில் பலருக்கு முதலில் வந்திறங்கிய முன்னோரின் பெயர் தெரியும்; ஊர் தெரியாது. வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டது அயர்லாந்து என்ற ஒற்றைச் சொல் மட்டுமே. அந்தச் சொல்லிலிருந்து ஒரு குறிப்பிட்ட ஊர், ஒரு குறிப்பிட்ட வீடு வரை போய்ச்சேர ஆவணங்கள் உதவுகின்றன. ஆனால் அவற்றை எந்த வரிசையில் புரட்டுவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அயர்லாந்தில் நான்கு மாகாணங்கள், 32 கவுண்டிகள், அவற்றுக்குள் பங்குகள் எனப்படும் ஆலய வட்டாரங்கள், ஆகக் கீழே டவுன்லேண்டுகள். டவுன்லேண்ட் என்பது பெயருக்குத்தான் டவுன். பெரும்பாலும் சில பத்து ஏக்கரிலிருந்து சில நூறு ஏக்கர் வரை பரந்த நாட்டுப்புற நிலத்துண்டு அது. அதில் நாலைந்து வீடுகளே இருந்தாலும் இருக்கலாம். இப்படி 60,000க்கு மேற்பட்ட டவுன்லேண்டுகள் உண்டு. குத்தகை, வரி, கணக்கெடுப்பு எல்லாமே இந்த அலகில்தான் எழுதப்பட்டன. ஒரே பெயர் கொண்ட டவுன்லேண்டுகள் வெவ்வேறு கவுண்டிகளில் இருப்பதால் டவுன்லேண்ட், பங்கு, கவுண்டி ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் முகவரி முழுமையாகும்.

ஆளின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இந்த முகவரியை எட்ட முடியாது. 1890ஆம் ஆண்டின் பிறப்புப் பதிவுகளைக் கொண்டு ராபர்ட் மாத்தசன் 1894இல் வெளியிட்ட அறிக்கையில் மர்ஃபி என்ற குடும்பப் பெயர் முதலிடத்தில் நின்றது. கெல்லி, சல்லிவன் அதையடுத்து வந்தன. பேட்ரிக், ஜான், மைக்கேல், மேரி, பிரிட்ஜெட், கேத்தரின் என்று இட்ட பெயர்களும் ஒரு சில. கார்க் கவுண்டியில் ஜான் சல்லிவன் என்று தேடினால் பக்கம் பக்கமாக ஆட்கள் வருவார்கள். போதாததற்கு எழுத்துக்கூட்டலும் நிலையாக இல்லை. ஒரு பதிவில் ஓ'சல்லிவன், அடுத்ததில் வெறும் சல்லிவன். எழுதப் படிக்கத் தெரியாதவர் சொல்ல, குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதினார். வயதும் அப்படித்தான்: முப்பது, நாற்பது என்று உத்தேசமாகச் சொல்வதே வழக்கம்.

ஆகவே தேடல் அயர்லாந்தில் தொடங்குவதில்லை. குடியேறிய நாட்டில் தொடங்கி, பேரரிடமிருந்து பாட்டனை நோக்கி ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போகிறது. முன்னோர் தனியாக வாழ்ந்தவர் அல்லர். அண்ணன், தங்கை, மைத்துனர், ஞானஸ்நானத்தில் நின்ற ஞானத்தந்தை, பக்கத்து வீட்டு ஊர்க்காரர் என ஒரு கூட்டமே அவரோடு நகர்ந்தது. அவரைப் பற்றிய பதிவில் இல்லாத ஊர்ப்பெயர், அவருடைய தம்பியின் கல்லறையில் இருக்கக்கூடும். ஐரிஷ் கத்தோலிக்கர் பலர் கல்லறைக் கல்லில் பிறந்த பங்கையும் கவுண்டியையும் பொறித்து வைத்தார்கள். பிறந்த மண்ணின் பெயரைச் சாவிலும் விடாத அந்தப் பிடிப்பு பின்னால் வந்தவர்களுக்குப் பேருதவியாகிவிட்டது.

அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கணக்கெடுப்பு இந்தத் தேடலின் முதுகெலும்பு. அடிமைகள் தவிர, வீட்டிலுள்ள அனைவரின் பெயரையும் எழுதத் தொடங்கியது 1850இல்தான். 1880இல் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, தாயும் தந்தையும் எங்கே பிறந்தார்கள் என்ற கேள்விகள் சேர்ந்தன. 1900இல் எந்த ஆண்டு குடியேறினார், தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடிருப்பவர் எத்தனை என்றும் கேட்டார்கள். 1890ஆம் ஆண்டுத் தாள்கள் 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நேர்ந்த தீ விபத்தில் எரிந்தும் சேதமடைந்தும், எஞ்சியவை பின்னர் அழிக்கப்பட்டும் பெரும்பாலும் இல்லாமல் போயின. ஆகவே 1880க்கும் 1900க்கும் நடுவே இருபது ஆண்டுப் பள்ளம். அதற்குள் பிறந்து இறந்த குழந்தைகளைத் திருச்சபைப் பதிவேடுகள் போன்றவற்றில் தேட வேண்டும்.

குடியுரிமைத் தாள்களைப் பொறுத்தவரை 1906 ஒரு எல்லைக்கோடு. அதற்கு முன் எந்த உள்ளூர் நீதிமன்றத்திலும் குடியுரிமை பெறலாம் என்பதால் பல தாள்களில் அயர்லாந்து என்பதற்கு மேல் ஒன்றும் இராது. அதற்குப் பின் பிறந்த தேதி, பிறந்த ஊர், வந்த கப்பல் எல்லாம் எழுதப்பட்டன. கப்பல் பயணிகள் பட்டியலும் அதே கதைதான். 1820 முதல் பட்டியல்கள் உண்டு. பஞ்ச காலத்துப் பட்டியலில் பெயர், வயது, தொழில், நாடு இவ்வளவே. 1907 முதல் ஊரில் விட்டு வந்த நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் கேட்டு எழுதினார்கள். பஞ்சத்தில் ஓடிவந்தவர்களுக்குத்தான் ஆவணம் மிகக் குறைவு. அவர்களைத் தேடுவோர் அரசுத் தாள்களை விட்டு வேறு இடங்களுக்குப் போக வேண்டியிருக்கிறது.

அப்படிப்பட்ட இடங்களில் ஒன்று நியூயார்க்கில் 1850இல் தொடங்கிய எமிக்ரன்ட் சேமிப்பு வங்கி. ஐரிஷ் குடியேறிகளுக்கு உதவும் சங்கத்தார் தொடங்கிய வங்கி இது. கணக்கு வைத்திருந்த பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பணம் எடுக்க வருபவர் உண்மையான கணக்குக்காரர்தானா என்று சோதிக்க, கணக்குத் தொடங்கும்போதே சில கேள்விகளைக் கேட்டு எழுதி வைத்தார்கள்: பிறந்த ஊர், வந்த கப்பல், வந்த ஆண்டு, தாய் தந்தை பெயர், உடன்பிறந்தோர் யார், எங்கே இருக்கிறார்கள், யார் இறந்துவிட்டார்கள். மோசடியைத் தடுக்க எழுதிய இந்தக் குறிப்பேடுகள் இன்று நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன. பஞ்ச காலக் குடியேறியின் வாயாலேயே சொல்லி எழுதப்பட்ட குடும்ப வரலாறு இதைவிடச் செறிவாக வேறெங்கும் கிடைப்பது அரிது.

பாஸ்டன் நகரின் கத்தோலிக்கப் பத்திரிகை 'பைலட்' 1831இல் தொடங்கி ஏறத்தாழ 90 ஆண்டுகள் தொலைந்த உறவினரைத் தேடும் விளம்பரங்களை வெளியிட்டது. ரயில் பாதை போடும் வேலைக்குப் போய்த் தகவல் அற்றுப்போன கணவனை மனைவி தேடினாள். மகனைத் தாய் தேடினாள். முன்னே போன அண்ணனைப் பின்னே வந்த தம்பி தேடினான். ஒரே பெயரில் ஆயிரம் பேர் இருக்கும் நாட்டில் சரியான ஆளுக்குச் செய்தி போய்ச்சேர வேண்டுமே! எனவே கவுண்டி, பங்கு, பல சமயம் டவுன்லேண்ட் வரை அச்சிட்டார்கள். கப்பலேறிய மாதமும் கடைசியாகக் கண்ட இடமும் கூட அவற்றில் வரும்.

நியூயார்க்கில் வந்திறங்கியோரைச் சோதித்த எல்லிஸ் தீவு அதிகாரிகள் குடியேறிகளின் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று பல குடும்பங்களில் நம்பிக்கையோடு சொல்கிறார்கள். பயணிகள் பட்டியல் கப்பல் புறப்படும் துறைமுகத்திலேயே தயாரானது. எல்லிஸ் தீவில் அதைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்த்தார்கள்; புதிதாகப் பெயர் எழுதவில்லை. பெயர் மாறியிருந்தால், வந்தவரோ அவருடைய பிள்ளைகளோ பிற்பாடு மாற்றிக்கொண்டதாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

அந்த எல்லிஸ் தீவிலேயே, பெயரை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. 1892 ஜனவரி 1 அன்று குடியேற்ற நிலையம் திறந்தபோது முதலில் பதிவானவர் ஆனி மூர். கார்க் கவுண்டியைச் சேர்ந்த அந்தப் பெண், இன்று கோவ் எனப்படும் குயின்ஸ்டவுன் துறைமுகத்தில் 'நெவாடா' கப்பலேறி, ஆந்தனி, பிலிப் என்ற இரு தம்பிகளோடு வந்திறங்கினார். பெற்றோர் ஏற்கெனவே நியூயார்க்கில் இருந்தார்கள். முதலாவதாக வந்ததற்காக அவருக்குப் பத்து டாலர் தங்க நாணயம் பரிசளித்தார்கள். அதன் பிறகு ஆனி என்ன ஆனார் என்பதற்கு ஒரு கதை வேரூன்றியது: அவர் டெக்ஸாஸ் போனார், அங்கே மணமுடித்தார், 1923இல் டிராம் மோதி இறந்தார். பல்லாண்டுக் காலம் விழாக்களில் மரியாதை பெற்றதும் அந்த டெக்ஸாஸ் குடும்பம்தான்.

வம்சாவளி ஆய்வாளர் மேகன் ஸ்மோலென்யாக் மூல ஆவணங்களைப் பார்த்தபோது டெக்ஸாஸ் ஆனி மூர் இல்லினாய்ஸ் மாநிலத்தில் பிறந்தவர் என்பது தெரிந்தது. கடல் கடந்தே வராத ஒருவர்! உண்மையான ஆனியைக் கண்டுபிடித்துத் தருபவருக்கு ஆயிரம் டாலர் என்று 2006இல் அறிவித்தார். சில வாரங்களில் விடை வந்தது. அது தம்பி பிலிப் வழியாக வந்தது. நியூயார்க் நகர ஆவணத் துறைத் தலைவராக இருந்த பிரையன் ஆண்டர்சன் பிலிப்பின் குடியுரிமைத் தாளைக் கண்டெடுத்தார். 1930 கணக்கெடுப்பில் பிலிப்பின் வீட்டில் இருந்த மகளின் பெயர், அங்கிருந்து உயிரோடிருக்கும் உறவினர் என்று தடம் விரிந்தது. ஆனி மூர் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியை விட்டு நகரவே இல்லை. ஜெர்மானியக் குடும்பத்தில் பிறந்த ஜோசப் ஷேயரை மணந்தார். பதினொரு பிள்ளைகள் பெற்றார். பலர் சிறு வயதிலேயே இறந்தனர். 1924இல் காலமானவரைக் குவீன்ஸில் உள்ள கால்வரி கல்லறைத் தோட்டத்தில், பெயர்க்கல் கூட இல்லாத குழியில் அடக்கம் செய்திருந்தார்கள். 2008இல் அங்கே கல் நாட்டப்பட்டது. ஆவணத்தைப் புரட்டியதால் ஓர் ஏழைப் பெண்ணுக்கு அவளுடைய வாழ்க்கை திரும்பக் கிடைத்தது.

ஊர்ப்பெயர் கைக்கு வந்த பிறகே அயர்லாந்து ஆவணங்களுக்குள் நுழைய வேண்டும். அங்கே முதலில் எதிர்ப்படுவது ஒரு பெரும் இழப்பு. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்க நாட்களில், டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821, 1831, 1841, 1851 கணக்கெடுப்புத் தாள்கள் சில பகுதிகள் தவிரப் போயின. உயில்கள் போயின. அயர்லாந்துத் திருச்சபை என்ற புராட்டஸ்டன்ட் சபையின் பதிவேடுகள் அரசு ஆவணமாகக் கருதப்பட்டு அங்கே அனுப்பப்பட்டிருந்ததால், அவற்றிலும் பெருவாரியானவை போயின. ஆனால் எல்லாப் பழியையும் அந்தத் தீயின் மேல் போடுவது சரியல்ல. 1861, 1871 தாள்களை அரசே கணக்கு முடிந்ததும் அழித்துவிட்டது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் கூழாக்கப்பட்டன. நெருப்பு செய்ததற்குச் சற்றும் குறையாத நாசத்தை அலுவலக உத்தரவுகள் செய்திருக்கின்றன.

எல்லாம் எரிந்துவிட்டது, இனித் தேடிப் பயனில்லை என்று கைவிடுவோர் உண்டு. அது தவறு. அழிந்த கணக்கெடுப்பிலிருந்தே சில வரிகள் எதிர்பாராத வழியில் பிழைத்திருக்கின்றன. 1908இல் வந்த முதியோர் ஓய்வூதியச் சட்டம் 70 வயதானவர்களுக்குப் பணம் தந்தது. அந்த வயதினரில் எவருக்கும் பிறப்புச் சான்றிதழ் இல்லை. ஆகவே தாய் தந்தை பெயரையும் சிறுவயதில் இருந்த டவுன்லேண்டையும் எழுதி விண்ணப்பித்தால், அலுவலர்கள் 1841, 1851 தாள்களில் அந்த வீட்டைத் தேடிப் பார்த்து, கிடைத்ததைப் படிவத்தில் எழுதினார்கள். மூலத் தாள் 1922இல் சாம்பலானது. படிவங்கள் வேறிடத்தில் தப்பின. ஒரு கிழவரின் ஓய்வூதிய விண்ணப்பம் பஞ்சத்துக்கு முந்தைய ஒரு வீட்டின் கணக்கைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. இதுபோலச் சிதறிக் கிடக்கும் பிரதிகளையும் குறிப்புகளையும் திரட்டி எரிந்த காப்பகத்தை இணையத்தில் மீட்டெடுக்கும் பெரும் பணியை டப்ளின் டிரினிட்டி கல்லூரி முன்னின்று நடத்துகிறது. அந்த மெய்நிகர் ஆவணக் கருவூலம் 2022 ஜூனில் திறக்கப்பட்டது.

கணக்கெடுப்பு இல்லாத பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு ஓரளவு ஈடு கட்டுவது ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் நடந்த நில மதிப்பீடு. உள்ளூர் வரி விதிப்பதற்காக 1847 முதல் 1864 வரை கவுண்டி கவுண்டியாக இதை அச்சிட்டு வெளியிட்டார்கள். ஒவ்வொரு டவுன்லேண்டின் கீழும் நிலத்தையோ வீட்டையோ அனுபவிப்பவர் பெயர், அவருக்குக் குத்தகைக்கு விட்டவர் பெயர், வீடா கொட்டிலா வெறும் நிலமா என்ற விவரம், பரப்பளவு, மதிப்பு என்று பத்தி பத்தியாக வரும். ஒவ்வொரு வரிக்கும் வரைபட எண் உண்டு. அதைக் கொண்டு இன்றைய வயலில் போய் நிற்கலாம். ஒரே டவுன்லேண்டில் இரண்டு பேட்ரிக் மர்ஃபிகள் இருந்தால் ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் தகப்பன் பெயரோ 'சிவப்பு' போன்ற அடையாளமோ அடைப்புக்குறியில் இருக்கும். குடும்பத் தலைவரைத் தவிர வேறு யாரையும் இது சொல்லாது என்பது இதன் குறை. அதைவிடப் பயனுள்ளவை பின்னர் வந்த திருத்தப் புத்தகங்கள். குத்தகைக்காரர் இறந்தாலோ கப்பலேறினாலோ பழைய பெயரை அடித்துவிட்டு வேறு நிற மையில் புதுப் பெயரை எழுதினார்கள். ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போன ஆண்டை அந்த மைக்கோட்டில் காணலாம். கிரிஃபித்துக்கு முந்தைய தலைமுறைக்கு, 1823 முதல் 1837 வரை தசமபாகம் என்ற ஆலய வரிக்காக எழுதப்பட்ட புத்தகங்கள் உண்டு; நிலம் வைத்திருந்தோர் மட்டுமே அவற்றில் வருவார்கள்.

உறவுமுறையை நிலப் பதிவு சொல்லாது. அதற்குக் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள்தான் கதி. அரசு அவற்றை ஆவணமாகக் கொள்ளாததால் அவை பங்குத்தந்தையர் இல்லங்களிலேயே இருந்தன, 1922 தீக்குத் தப்பின. அயர்லாந்து தேசிய நூலகம் அவற்றின் நுண்படங்களை 2015 ஜூலையில் இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குகளின் பதிவேடுகள் அதில் உள்ளன. பெரும்பாலான பங்குகளில் பதிவு பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் தொடங்குகிறது. மேற்குப் பகுதியின் ஏழைப் பங்குகளில் இன்னும் தாமதம். பல பதிவுகள் லத்தீனில் இருக்கும்: ஜேம்ஸ் அங்கே யாகோபஸ், வில்லியம் குலியெல்மஸ், நோரா ஹொனோரியா. ஒரு ஞானஸ்நானப் பதிவு ஒரே வரிதான்: தேதி, குழந்தையின் பெயர், தந்தை பெயர், தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர், ஞானப்பெற்றோர் இருவர், சில சமயம் டவுன்லேண்ட். அந்த வரியில் எதையும் தள்ளிவிடக் கூடாது. ஞானப்பெற்றோர் பெரும்பாலும் தாய்மாமனோ சித்தியோ அத்தையோ ஆக இருப்பார்கள். தாயின் குடும்பப் பெயர் கிடைத்துவிட்டால் நூறு சல்லிவன்களில் ஒரு வீடு தனித்துத் தெரியத் தொடங்கும். முதல் மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயர், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயர், முதல் மகளுக்குத் தாய்வழிப் பாட்டி பெயர் என்று இடும் வழக்கமும் கைகொடுக்கும். இது தடம் காட்டும் குறிப்பு மட்டுமே, சான்றாக நிற்காது.

அரசின் குடிமைப் பதிவு கத்தோலிக்கர் அல்லாதோரின் திருமணங்களுக்கு 1845இலும், அனைவரின் பிறப்பு, இறப்பு, திருமணங்களுக்கு 1864இலும் தொடங்கியது. நூறாண்டு கடந்த பிறப்பு, 75 ஆண்டு கடந்த திருமணம், 50 ஆண்டு கடந்த இறப்புப் பதிவுகளை அயர்லாந்து அரசின் வம்சாவளித் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். பிறந்த தேதிக்கு முன்பே ஞானஸ்நானம் நடந்ததாகப் பதிவுகள் முரண்பட்டால் திகைக்க வேண்டியதில்லை. கெடு தாண்டிப் பதிந்தால் அபராதம் என்பதால் பெற்றோர் பிறந்த தேதியைத் தள்ளிச் சொன்னார்கள். பங்குத்தந்தையின் தேதியை நம்புவதே நல்லது.

1922 தீக்கு முந்தைய கணக்கெடுப்புகளில் முழுமையாக மிஞ்சியவை 1901, 1911 இரண்டும்தான். பெரும்பாலும் வீட்டுத் தலைவரே தன் கைப்பட நிரப்பிய தாள்கள் இவை. மதம், படிப்பு, தொழில், ஐரிஷ் மொழி தெரியுமா என்ற விவரங்கள் உண்டு. 1911இல் மணமாகி எத்தனை ஆண்டு, பிறந்த பிள்ளைகள் எத்தனை, பிழைத்தவர் எத்தனை என்று கேட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதியவர்கள் பலருக்குப் பத்தாண்டில் பதினைந்து வயது ஏறியிருக்கும். நடுவே வந்த ஓய்வூதியம்தான் அதற்குக் காரணம். கப்பலேறியவர் இந்தத் தாளில் இருக்க மாட்டார். ஊரில் தங்கிய அவருடைய அண்ணன் இருப்பார். இன்றைய உறவினரைக் கண்டுபிடிக்க அந்த அண்ணன் வழிதான் சுருக்கம்.

இந்த எல்லாப் படிகளும் ஒன்றுகூடிய ஒரு தேடல் உலகப் புகழ் பெற்றது. பராக் ஒபாமாவின் தாய்வழியில் ஐந்து தலைமுறைக்கு முந்தையவர் ஃபால்மத் கீர்னி. செருப்புத் தைப்பவரின் மகன். 1850இல் நியூயார்க் வந்து, ஒஹையோ போய், பின்னர் இண்டியானாவில் குடியேறினார். தேடல் அமெரிக்க ஆவணங்களில் தொடங்கி, ஆஃபலி கவுண்டியின் மனிகால் என்ற சிற்றூரை எட்டியது. அந்தப் பகுதியின் புராட்டஸ்டன்ட் ஆலயப் பதிவேட்டில் கீர்னி குடும்பத்தார் இருந்தார்கள். ஃபால்மத் என்ற அரிய பெயரும், டப்ளின் தீயில் சிக்காமல் தப்பிய பதிவேடும் இல்லாவிட்டால் இது கைகூடியிருக்காது. 2011 மே 23 அன்று ஒபாமா மனிகாலுக்கே வந்து நின்றார்.

இப்போது மரபணுச் சோதனை செய்து இதைச் சுலபமாக முடிக்கலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். உமிழ்நீர் மாதிரி தூரத்து உறவினரைக் காட்டும். உறவு எந்த வீட்டில் கிளைத்தது என்பதைப் பதிவேடுதான் சொல்லும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவோரே கரை சேர்கிறார்கள்.

ஆவணங்களின் வரிசையில் இன்னொன்றும் உண்டு. சுதந்திரப் போர் காரணமாக 1921இல் அயர்லாந்தில் கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்தது 1926 ஏப்ரல் 18இல் நடந்தது. நூறாண்டு கழித்தே தாள்களைத் திறக்க வேண்டும் என்பது சட்டம். அதன்படி இந்தத் தாள்களுக்கான கெடு 2026 ஏப்ரல் வரை. வடக்கு அயர்லாந்தில் அதே ஆண்டு எடுத்த கணக்கெடுப்பின் தாள்கள் மிஞ்சவில்லை. அங்கிருந்து கப்பலேறிய குடும்பங்களைத் தேடுவோருக்கு 1911க்குப் பிறகு அடுத்த கணக்கெடுப்பு 1937இல் எடுத்ததுதான்.